ஆகஸ்ட் 15: நாம் பேசாமல் விட்ட ஒரு திகதி



பதிவு நீளம். இரண்டாகப் பிரித்துப் போடலாம் என்றுதான் முதலில் யோசித்தேன். பிரித்தால் முதல் பாதியை மட்டும் வாசித்துவிட்டு என்னோடு சண்டைக்கு வருவீர்கள். அதனால் ஒன்றாகவே போடுகிறேன். தேத்தண்ணி ஒன்றை ஊற்றி வைத்துக்கொண்டு வாசியுங்கள்.

ஆகஸ்ட் மாதம் வந்தால் நமது முகநூல் பக்கங்களில் இரண்டு திகதிகள் வரும். 3ஆம் திகதி காத்தான்குடி. 1990இல் இஷாத் தொழுகையில் நின்றவர்கள் மீரா ஜும்ஆப் பள்ளியிலும் ஹுசைனியாப் பள்ளியிலும் விடுதலைப் புலிகளால் சுட்டுக் கொல்லப்பட்ட நாள். அடுத்தது 12ஆம் திகதி, ஏறாவூர். வீடுகளுக்குள் நித்திரையில் கிடந்த பெண்களையும் பிள்ளைகளையும் கூட விடாத இரவு அது. இரண்டு ஊரிலும் நூற்றுக்கும் மேற்பட்டோர் ஷஹீதானார்கள். ஷுஹதாக்கள் தினம் அனுஷ்டிக்கிறோம், துஆக் கேட்கிறோம், படங்களைப் பகிர்கிறோம். கேட்கத்தான் வேண்டும், பகிரத்தான் வேண்டும்.

அதே மாதம், அதே வருடம், அதே பாதையில் இன்னொரு திகதி இருக்கிறது. 12 முடிந்து மூன்றாவது நாள். அதைப் பற்றி நம்மவர்கள் எழுதிய ஒரு வரியையும் நான் இதுவரை கண்டதில்லை. நானே எழுதிவிடுவோம் என்று உட்கார்ந்தேன்.

மட்டக்களப்புக்குப் போய்வரும் எல்லோருக்கும் வெபர் மைதானம் தெரியும். அங்கே விளையாடியிருப்போம், இல்லாவிட்டால் மெச் பார்த்திருப்போம். வெபர் என்பது யாருடைய பெயர் என்று என் வகுப்பில் ஒருநாள் கேட்டேன். ஒரு பிள்ளை வெள்ளைக்காரக் கவர்னர் என்றது. இன்னொன்று கொம்பனிப் பெயர் என்றது. அவர் பாதர் வெபர். அமெரிக்காவிலிருந்து வந்த இயேசு சபைத் துறவி. அந்த மைதானத்துக்காகப் பாடுபட்டவர். அவர் ஓர் ஆள் மட்டும் இல்லை, பின்னால் ஒரு நீண்ட வரிசையே இருக்கிறது.

கொஞ்சம் பின்னுக்குப் போகிறேன். கத்தோலிக்க மார்க்கம் இந்தக் கரைக்கு வந்த கதை நமக்கு இனிப்பான கதை இல்லை. போர்த்துக்கேயர் துவக்கோடு வந்தார்கள். கரையோர வியாபாரத்தை நம்மவர் கையிலிருந்து பறிப்பதும் அவர்கள் நோக்கங்களில் ஒன்று. 1626ஆம் ஆண்டளவில் தங்கள் ஆட்சிக்குட்பட்ட இடங்களிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றினார்கள். கண்டி மன்னன் செனரத் அவர்களைத் தன் நாட்டுக்குள் ஏற்று, நாலாயிரம் பேரளவில் மட்டக்களப்புப் பக்கம் குடியேற்றினான் என்பது போர்த்துக்கேயப் பாதிரியார் குவேறோஸ் எழுதிவைத்த வரலாறு. 1628இல் மட்டக்களப்பில் கோட்டை எழும்பியது. பத்து வருடத்தில், 1638இல், ஒல்லாந்தர் அதைப் பிடித்தார்கள்.

இங்கேதான் சக்கரம் சுழல்கிறது. ஒல்லாந்தர் புரட்டஸ்தாந்தர்கள். கரையோரம் முழுவதும் தங்கள் கைக்கு வந்ததும் கத்தோலிக்கக் குருமாரை நாடு கடத்தினார்கள். குருவானவருக்கு வீட்டில் இடம் கொடுத்தால் மரண தண்டனை என்று 1658இல் கட்டளை போட்டார்கள். நேற்று நம்மை விரட்டியவர்களின் மார்க்கத்தவர் இன்று ஒளிந்து வணங்கும் நிலை. அந்தக் காலத்தில்தான் கோவாவிலிருந்து யோசேப் வாஸ் என்ற குருவானவர் 1687இல் ஏழைக் கூலியாள் கோலத்தில் யாழ்ப்பாணம் வந்து இறங்கினார். பிறகு கண்டிக்குப் போனார். போர்த்துக்கேய உளவாளி என்று சந்தேகப்பட்டுச் சிறையில் போட்டார்கள். 1697இல் கண்டியில் அம்மை நோய் பரவியது. வீட்டுக்காரரே நோயாளியைக் காட்டோரம் விட்டு ஓடிய நேரத்தில், அவரும் அவரோடு இருந்தவரும் நோயாளிகளைக் கழுவிச் சோறு ஊட்டி, இறந்தவர்களை அடக்கம் செய்தார்கள். யார் எந்த மதம் என்று பார்க்கவில்லை. அதைக் கண்டு இரண்டாம் விமலதர்மசூரியன் அவருக்குச் சுதந்திரமாக நடமாட விட்டான். 2015 ஜனவரியில் பாப்பரசர் பிரான்சிஸ் காலிமுகத்திடலில் புனிதராக அறிவித்தது இவரைத்தான்.

போர்த்துக்கேயரால் விரட்டப்பட்ட முஸ்லிமுக்கும், ஒல்லாந்தரால் விரட்டப்பட்ட கத்தோலிக்கருக்கும் அடைக்கலம் தந்தது அதே கண்டி அரண்மனை. நமது வரலாற்றுப் பாடப் புத்தகத்தில் இந்த இரண்டும் வேறு வேறு பக்கங்களில் கிடக்கின்றன. பிள்ளைகளுக்குச் சேர்த்துச் சொல்லிக்கொடுங்கள்.

வெள்ளைக்காரன் காலத்தில் நிலைமை மாறியது. 1873இல் மட்டக்களப்பில் புனித மிக்கேல் கல்லூரி. 1893இல் திருகோணமலை மறைமாவட்டம் உருவாகி மட்டக்களப்பும் நம் பக்கமும் அதற்குள் வந்தன. அதைப் பொறுப்பேற்று வந்தவர்கள் பிரான்ஸ் நாட்டு இயேசு சபையினர். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அமெரிக்காவின் நியூ ஓர்லியன்ஸ் பக்கத்திலிருந்து இளம் துறவிகள் வந்தார்கள். கல்முனையில் கார்மேல் பற்றிமா கல்லூரியும் கத்தோலிக்கர் தொடங்கியதுதான். (வெஸ்லி மெதடிஸ்த சபையினருடையது. நம்மவர்களில் பலர் எல்லாவற்றையும் ஒன்றாக்கி "வேதக்காரப் பள்ளிக்கூடம்" என்று முடித்துவிடுவார்கள்.)

மிஷன் பாடசாலைகளைப் பற்றி நமது முன்னோர்களுக்குப் பயம் இருந்தது. அந்தப் பயம் காரணமில்லாமல் வந்ததும் இல்லை. படிப்பைக் காட்டி மார்க்கத்தை மாற்றிவிடுவார்கள் என்ற கவலையில்தான் சித்திலெப்பை மரைக்கார் போன்றவர்கள் பாடுபட்டு 1892இல் கொழும்பில் பிற்காலத்து ஸாஹிறாவின் விதையை ஊன்றினார்கள். நமது கல்முனை ஸாஹிறா வர 1949 ஆனது. 1960இல் உதவி பெறும் பாடசாலைகளை அரசாங்கம் பொறுப்பேற்றபோது கல்வி அமைச்சராக இருந்தவர் நம்மவர், பதியுதீன் மஹ்மூத். கத்தோலிக்கப் பெற்றோர் பாடசாலைகளுக்குள் போய்ப் படுத்து மறியல் செய்தார்கள். பம்பாயிலிருந்து கர்தினால் கிரேசியஸ் வந்து சமாதானம் பேச வேண்டியிருந்தது. அந்தச் சட்டத்தால் நமது பிள்ளைகளுக்கு நன்மை கிடைத்தது என்பதே என் அபிப்பிராயம். ஆனால் தங்கள் காசில், தங்கள் உழைப்பில் கட்டியதை ஒரே சட்டத்தில் இழந்தவர்களுக்கு அது எப்படி இருந்திருக்கும் என்பதையும் யோசிக்கலாம். மூட்டை கட்டிக்கொண்டு ஊருக்குப் போக அவர்களுக்கு நல்ல சாட்டு அது. பலர் போகவில்லை.

போகாதவர்களில் இரண்டு பேரைப் பற்றித்தான் இந்தப் பதிவு.

ஒருவர் பாதர் ஹரி மில்லர். நியூ ஓர்லியன்ஸில் பிறந்து, 1948இல், இருபத்துமூன்று வயதும் சரியாக நிரம்பாத காலத்தில் இலங்கைக்கு வந்தவர். மிக்கேல் கல்லூரியில் கற்பித்தவர், அதன் ரெக்டராகவும் இருந்தவர். மற்றவர் பாதர் யூஜின் ஜோன் ஹேபியர். அவரும் லூசியானாக்காரர். பெயரை ஆளுக்கொரு விதமாகச் சொல்வார்கள், எழுதுவார்கள். மிக்கேல் கல்லூரியின் கூடைப்பந்து அணியை நாடறியச் செய்த பயிற்றுநர் அவர். பிற்காலத்தில் மட்டக்களப்பில் கிழக்குத் தொழில்நுட்ப நிறுவகத்தின் பணிப்பாளர். படிப்பு ஏறாத, வசதி இல்லாத பொடியன்மாரின் கையில் ஒரு தொழிலைக் கொடுக்கும் இடம்.

எண்பதுகளில் சண்டை தொடங்கியதும் இவர்களின் வேலை மாறியது. பிள்ளையைக் காணோம் என்று தாய்மார் வரத் தொடங்கினார்கள். எந்த முகாமில் கேட்பது, யாருக்குக் கடிதம் எழுதுவது என்று தெரியாதவர்கள். பிரஜைகள் குழு என்று ஒன்று இயங்கியது. அதன் தலைவராக இருந்தவர் பாதர் சந்திரா பெர்னாண்டோ. 1988 ஜூன் 6ஆம் திகதி, புளியந்தீவு மரியாள் பேராலயத்தில் அவருடைய அலுவலகத்துக்குள்ளேயே துப்பாக்கிதாரிகள் வந்து அவரைச் சுட்டுக் கொன்றார்கள். மக்களுக்காகக் கடிதம் எழுதியதைத் தவிர அவரிடம் வேறு ஆயுதம் இருக்கவில்லை. அந்த வேலையின் விலை என்ன என்று இதற்குப் பிறகு எல்லாருக்கும் தெரியும். தெரிந்துகொண்டும் மில்லரும் ஹேபியரும் தொடர்ந்தார்கள்.

பிறகு 1990. எனக்கு அப்போது இரண்டு வயது. உம்மா சொல்லித்தான் தெரியும். ஜூன் 11இல் பொலிஸ் நிலையங்கள் புலிகளிடம் விழுந்தன. சரணடைந்த பொலிஸார், அவர்களில் நம்மவர்களும் உண்டு, நூற்றுக்கணக்கில் கொல்லப்பட்டார்கள். இராணுவம் திரும்பி வந்தபோது கல்முனையில் தமிழர்கள் பட்ட பாடு வேறு. ஜூலை 12இல் குருக்கள்மடம். காத்தான்குடிக்குத் திரும்பிக்கொண்டிருந்த நம்மவர்களை, ஹஜ்ஜுக்குப் போய் வந்தவர்கள் உட்பட, பாதையில் இறக்கிக் கொண்டுபோனார்கள். இன்றுவரை ஜனாஸா கிடைக்கவில்லை. ஆகஸ்ட் 3. ஆகஸ்ட் 12. அதே 12ஆம் திகதி சம்மாந்துறைக்குப் பக்கத்தில் வீரமுனைப் பிள்ளையார் கோயிலில் தஞ்சமடைந்திருந்த தமிழர்கள் கொல்லப்பட்டார்கள். அதில் ஊர்காவல் படையினரின் பெயர் அடிபட்டது. அதையும் நாம் எழுதுவதில்லை.

இப்போது 15ஆம் திகதிக்கு வருகிறேன். அது கத்தோலிக்கருக்குப் பெருநாள். மர்யம் அலைஹிஸ்ஸலாம் அவர்கள் விண்ணுக்கு எடுக்கப்பட்டதாக அவர்கள் நம்பி நினைவுகூரும் நாள். ஏறாவூர் நடந்து மூன்று நாள். கபுறுகளில் மண் காயவில்லை. வடக்கே போகும் பாதையில் ஈ காக்கை இல்லை. வாழைச்சேனையில் கன்னியாஸ்திரிகள் இருந்தார்கள். அவர்களுடைய நிலைமையைப் பார்த்து உதவுவதற்காக ஹேபியர் போயிருந்தார். வயது 66. வாகனம் ஒரு ஸ்கூட்டர். கூடவே பெர்ட்ரம் பிரான்சிஸ் என்ற தமிழ் இளைஞர். வாழைச்சேனையிலிருந்து மட்டக்களப்புக்குத் திரும்பும் வழியில் ஏறாவூரைத் தாண்ட வேண்டும். அவர்கள் மட்டக்களப்புக்கு வந்து சேரவில்லை.

அதற்குப் பிறகு அந்த இருவரையும் யாரும் காணவில்லை. உடல் கிடைக்கவில்லை. ஸ்கூட்டரும் கிடைக்கவில்லை. எந்த நீதிமன்றமும் எவரையும் குற்றவாளி என்று சொல்லவில்லை.

சந்தேகம் யார் மேல் என்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். கோபத்தில் கொதித்துக்கொண்டிருந்த ஏறாவூரின் மேல், அங்கே நின்ற ஊர்காவல் படையின் மேல், அவர்களுக்குத் துவக்குக் கொடுத்தவர்களின் மேல். சந்தேகம் தீர்ப்பு ஆகாது. நான் தீர்ப்பு எழுதவும் வரவில்லை. ஆனால் சந்தேகத்தைச் சொன்னாலே ஏறாவூரைக் காட்டிக்கொடுத்ததாகிவிடும் என்ற வாதத்தை என்னால் ஏற்க முடியவில்லை. நூற்றுக்கும் மேற்பட்ட ஜனாஸாவை ஒரே நாளில் தூக்கிய ஊர் அது. அங்கே அழுதவர் ஆயிரக்கணக்கு. ஒரு பாதையில் ஒரு ஸ்கூட்டரை மறித்தவர் யாராயிருந்தாலும் சில பேர்தான். அந்தச் சில பேரின் காரியத்தை மூடிவைப்பதால் அழுத ஆயிரம் பேருக்கு ஒரு பிரயோசனமும் இல்லை.

இன்னொன்றும் இருக்கிறது. ஹேபியரின் பெயரையாவது அமெரிக்காக்காரர் என்பதால் வெளிநாட்டுப் பத்திரிகைகள் எழுதின. பெர்ட்ரம் பிரான்சிஸுக்கு யார் எழுதினார்கள்? ஒரு தமிழ்ப் பொடியன். அந்த ஆகஸ்டில் அப்படி எத்தனையோ பொடியன்மார்.

"மௌலவி மாதிரி இருக்க வேண்டிய நீ ஏன் பாதர்மாரைப் பற்றி எழுதுகிறாய்" என்று சென்ற முறை ஒருவர் கேட்டார். மௌலவி இல்லை நான், அட்டாளைச்சேனையில் ஆசிரியப் பயிற்சி எடுத்த சாதாரண வாத்தி. ஆனாலும் பதில் சொல்கிறேன். மக்காவில் கொடுமை தாங்க முடியாமல் போனபோது நபித்தோழர்கள் முதலில் ஹிஜ்ரத் போனது எங்கே? அபிசீனியாவுக்கு. வழியனுப்பியவர் நபி ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள். குறைஷிகளின் பரிசுப் பொருட்களைத் திருப்பிக் கொடுத்து, வந்தவர்களை ஒப்படைக்க மாட்டேன் என்று சொன்னவர் நஜாஷி என்ற கிறிஸ்தவ மன்னர். சூறா அல்மாயிதாவின் 82ஆவது ஆயத்தையும் எடுத்துப் பாருங்கள். பாதிரிகளையும் துறவிகளையும் பற்றி அங்கே என்ன சொல்லப்பட்டிருக்கிறது என்று தஃப்ஸீரோடு வாசியுங்கள். அவர்களின் அகீதாவை ஏற்றுக்கொள்ளுங்கள் என்று யாரும் கேட்கவில்லை. செய்த காரியத்தைச் செய்தார்கள் என்று சொல்வதற்கு அகீதா தடையும் இல்லை.

மில்லரின் கதைக்குத் திரும்புகிறேன். நீண்ட காலம் கூட இருந்த நண்பர் காணாமல் போனார். இந்த நிலையில் ஒரு மனிதனுக்கு முஸ்லிம்கள் மேல் கசப்பு வந்தால் அது ஆச்சரியமில்லை. அவர் சமாதானக் குழுவில் இருந்தார். காணாமல் போனவர்களின் விபரங்களைப் பதிந்தார், முகாம்களுக்குப் போனார், கடிதங்கள் எழுதினார், வெளிநாடுகளிலிருந்து வந்த மனித உரிமைக்காரர்களுக்கு நடந்ததைச் சொன்னார். புலிகளைப் பற்றியும் சொன்னார், இராணுவத்தைப் பற்றியும் சொன்னார். அதனால் இரண்டு பக்கத்துக்கும் அவரைப் பிடிக்கவில்லை என்பதும் உண்மைதான். அறுபது வருடத்துக்குப் பிறகு, 2009இல், சண்டை முடிந்த அந்த வருடம் ஓய்வெடுக்க நியூ ஓர்லியன்ஸுக்குப் போனார். அங்கே இருக்க முடியவில்லை. கொஞ்ச நாளில் மட்டக்களப்புக்கே திரும்பி வந்துவிட்டார். 2017 புது வருடம் பிறக்கும் நேரத்தில், 91 வயதில், மட்டக்களப்பிலேயே காலமானார்.

இவர்களெல்லாம் மலக்குகள் என்று சொல்ல வரவில்லை. மிஷனரி என்றால் வெறும் சமூக சேவகன் இல்லை, தன் மார்க்கத்தைப் பரப்ப வந்தவன்தான். அந்த எச்சரிக்கை நமக்கு இருப்பதில் தப்பில்லை. ஆனால் ஒரு வேறுபாட்டை நானே கண்டேன். சுனாமி வந்தபோது நான் ஓ.எல். எழுதி முடித்துச் சில நாட்கள்தான். அம்பாறை மாவட்டத்தில் மட்டும் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் மௌத்தானார்கள். நாட்டிலேயே அதிகம் நமது கரையில்தான். நாங்கள் ஒரு பாடசாலை முகாமில் இருந்தோம். எத்தனையோ நிறுவனங்கள் வந்தன. பெனர் பிடித்துப் படம் எடுத்தவர்களும் உண்டு. சாமானோடு சேர்த்துப் புத்தகமும் நீட்டிய சில புதுச் சபைக்காரர்களும் உண்டு. இரண்டு சிஸ்டர்மார் நாலைந்து நாள் தொடர்ந்து வந்தார்கள். கத்தரிக்கோலும் பேன்சீப்பும் கொண்டுவந்து, பாயில் உட்கார்ந்து, சின்னப் பிள்ளைகளின் தலையில் உப்பும் மண்ணும் சேர்ந்து சடைபிடித்திருந்த முடியைச் சிக்கெடுத்துப் பேன் பார்த்தார்கள். என் சாச்சியின் மகளுக்குத் தாய் இல்லாமல் போய் மூன்றாம் நாள் அது. அவள் அந்த சிஸ்டரின் மடியிலேயே நித்திரையாகிவிட்டாள். போகும்போது துப்பட்டியைச் சரியாகப் போட்டுவிட்டுத்தான் போனார்கள். மார்க்கத்தைப் பற்றி ஒரு சொல் பேசவில்லை.

பதினான்கு வருடம் கழித்து, 2019 ஏப்ரல் 21. உயிர்த்த ஞாயிறு. கொச்சிக்கடையிலும் கட்டுவாப்பிட்டியிலும் பூசையில் நின்றவர்களை நமது பெயரைச் சொல்லிக்கொண்டு கொன்றார்கள். மட்டக்களப்பில் சீயோன் தேவாலயத்தில் பிள்ளைகள். தலைமை தாங்கியவன் காத்தான்குடிக்காரன், பள்ளிக்குள் சுடப்பட்டவர்களின் ஊரிலே வளர்ந்தவன். ஐந்தாம் நாள் சாய்ந்தமருது வொலிவேரியன் கிராமத்தில், சுனாமியில் வீடிழந்தவர்களுக்குக் கட்டிய வீடொன்றில், அவர்களின் கூட்டம் பெண்டு பிள்ளைகளோடு தங்களை வெடிக்கவைத்தது. சந்தேகப்பட்டுத் தகவல் கொடுத்தது நமது ஊர் ஆட்கள்தான். பழிவாங்க வேண்டாம் என்று கர்தினால் மல்கம் ரஞ்சித் தன் மக்களிடம் கேட்டார். நீர்கொழும்பில் மே மாதம் பிரச்சினை வெடித்தபோது மறுபடியும் கேட்டார். அந்த வாரங்களில் நாம் எல்லாரும் ஒரே வசனத்தைத்தான் சொல்லிக்கொண்டு திரிந்தோம்: சிலர் செய்ததற்கு ஒரு சமூகத்தைப் பிடிக்காதீர்கள் என்று. நீர்கொழும்புத் தாய்மாரிடம் அதைக் கேட்க நமக்கு உரிமை இருந்தது. 1990 ஆகஸ்ட் 15இல் அந்த ஸ்கூட்டரின் பின்னால் இருந்த பெர்ட்ரம் பிரான்சிஸுக்கும் அதே உரிமைதான் இருந்தது.

குருக்கள்மடத்தில் நமது ஜனாஸாக்களைத் தோண்டி எடுத்து அடக்க வேண்டும் என்று கேட்கிறோம். நானும் கேட்கிறேன். அந்தக் குடும்பங்களில் சிலரை எனக்குத் தெரியும். கபுறு எது என்று தெரியாமல் ஸியாரத்துக்குப் போக முடியாமல் இருப்பது என்ன என்று அவர்களிடம் கேட்டால் சொல்வார்கள். அங்கே கிடைக்க வேண்டியதைக் கேட்கும் வாய், ஏறாவூர்ப் பாதையைப் பற்றிக் கேட்டால் மட்டும் மூடிக்கொள்வது சரியில்லை. எனக்கு இதில் வேறு பெரிய நியாயம் ஒன்றும் தெரியாது.

அன்று அந்தப் பாதையில் நின்றவர்கள், ஸ்கூட்டரைக் கண்டவர்கள், கண்டவர்கள் சொல்லக் கேட்டவர்கள் இன்று அறுபது, எழுபது வயதில் இருப்பார்கள். நம் சாச்சாமார், மாமாமார். அவர்களும் ஒவ்வொருவராக மௌத்தாகிக்கொண்டிருக்கிறார்கள். செய்தது யார் என்று எனக்குத் தேவையில்லை. அந்த இருவரும் எங்கே கிடக்கிறார்கள் என்பது மட்டும் யாருக்காவது தெரிந்தால், கருத்துப் பகுதியில் எழுத வேண்டாம். இன்பொக்ஸ் திறந்திருக்கிறது. பெயர் சொல்லாமலும் எழுதலாம். மட்டக்களப்பில் ஆயர் இல்லத்தில் கொண்டுபோய்ச் சொல்வது என் பொறுப்பு.